மெதேனும் மீத்தேனும்

மன்னார்த் தீவைப் பார்க்க வருவோருள், பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைக் காணாது திரும்புவோர் சிலரே. ஆபிரிக்க மண்ணிலிருந்து அராபிய வணிகரோடு கடல் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் அம்மரத்துக்கு ஊரார் வழங்கும் பெயர் பெருக்க மரம். வேறு சில ஊர்களில் அதனைப் பப்பரப்புளி என்பர். தாவர நூலாரைக் கேட்டால் 'அடன்சோனியா டிஜிற்றாற்றா' என்பர். முதற் பெயர் மரத்தின் பருமனை நினைவூட்டுகிறது. இரண்டாம் பெயர் கனியின் புளிப்பைச் சொல்கிறது. மூன்றாம் பெயர் அடன்சன் என்னும் பிரெஞ்சு அறிஞரையும், விரல்களைப் போல் விரிந்த இலையையும் ஒருங்கே குறிக்கிறது. மூன்றும் நல்ல பெயர்களே. ஆயினும், அம்மரத்தை ஒருநாளும் கண்டிராத ஒருவனிடம் இம்மூன்று பெயர்களையும் கொடுத்து, "மரத்தை வரைந்து காட்டு" என்றால், அவனால் இயலாது.

பெயரைக் கேட்ட மாத்திரத்தே பொருளை வரைந்து காட்டக்கூடிய பெயரும் உலகில் உண்டோ என வாசகர்கள் வினவலாம். உண்டு. சேதன இரசாயனம் என நம் நாட்டிலும், கரிம வேதியியல் எனத் தமிழ்நாட்டிலும் வழங்கும் துறையில் அத்தகைய பெயர்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. அத்துறையை இத்தீவின் பாடசாலை ஒன்றிற் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்னும் முறையில், அப்பெயர்களைப் பற்றியும், அவை தமிழில் இரு கரைகளிலும் இரு கோலம் பூண்டு நிற்பதைப் பற்றியும், அதனால் நம் பிள்ளைகளுக்கு நேர்வதைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

வந்த வழியும் அமைந்த வகையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, உயிர்ப்பொருள்களிலிருந்து கிடைக்கும் சேர்வைகளை உயிரின் துணையின்றி ஆக்க இயலாது என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். 1828 இல் வோலர் என்னும் ஜெர்மானிய அறிஞர், சிறுநீரில் உள்ள யூரியாவை ஆய்வுகூடத்தில், உயிரற்ற உப்புப் பொருளிலிருந்து ஆக்கிக் காட்டினார். அதன்பின் புதிய சேர்வைகள் ஆண்டுதோறும் பெருகின. பெருகியவற்றுக்கெல்லாம் பெயர் வேண்டுமன்றோ? கண்டவர் கண்டவாறு பெயரிட்டனர்.

எறும்பிலிருந்து வடித்த அமிலத்துக்கு, எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போமிக்கமிலம் என்று பெயர். புளித்த மதுவின் அமிலம் அசற்றிக்கமிலம். இலத்தீனில் வினாகிரிக்குரிய சொல் 'அசற்றம்'. வெண்ணெய் கெட்டால் நாறும் அமிலம் பியூற்றிரிக்கமிலம்; வெண்ணெய்க்குரிய சொல்லிலிருந்து அது வந்தது. ஆட்டின் பாற்கொழுப்பிற் கண்ட அமிலங்கள் மூன்றுக்கு, ஆட்டைக் குறிக்கும் 'கப்பிரா' என்னும் சொல்லடியாகவே மூன்று பெயர்கள் வைத்தனர். எந்த ஆடு எந்த அமிலம் என்று நினைவில் வைத்திருப்பது மாணவன் தலையெழுத்து.

இவற்றை இடுகுறிப் பெயர்கள் என ஒதுக்கிவிட முடியாது. நம் இலக்கணத்தின்படி இவை காரணப் பெயர்களே. ஆயினும் இவை கூறும் காரணம், பொருள் வந்த வழி. பொருள் அமைந்த வகையன்று. பனங்கள்ளு புளித்தாலும் வினாகிரி. தென்னங்கள்ளு புளித்தாலும் வினாகிரி. மேலைநாட்டில் முந்திரிகை மது புளித்தாலும் வினாகிரி. வந்த வழி பல. அமைந்த வகை ஒன்றே. இரண்டு காபன் அணுக்கள் கைகோத்து நிற்க, அவற்றுள் ஒன்று அமிலக் கூட்டமாக அமைந்திருக்கும் நிலையே அது. அந்த அமைப்பை நேரே கூறும் பெயரொன்று அமைந்தால், கள்ளையும் எறும்பையும் ஆட்டையும் தேடி அலைய வேண்டிய தேவை இராது.

இவ்வெண்ணம் முதிர்ந்து செயலானது 1892 ஏப்ரலில். ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 34 இரசாயன அறிஞர்கள் ஜெனீவா நகரிற் கூடி, சேதனச் சேர்வைகளுக்குப் பெயரிடும் விதிகளை வகுத்தனர். 1919 இல் அமைந்த தூய, பிரயோக இரசாயனத்துக்கான சர்வதேச ஒன்றியம் அப்பணியை ஏற்று, 1930 இல் லியேஜ் நகரிற் புதிய விதிகளை வெளியிட்டு, இன்றளவும் திருத்தி வருகிறது.

நன்னூல் கற்றவனுக்கு இது புதிதன்று

இவ்விதிகளைக் கண்டு நம் மாணவர் அஞ்சுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பே தோன்றும். பகுபதத்தைப் பிரிக்கப் பத்து வயதிலேயே கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அல்லவா நம் பிள்ளைகள்?

'வந்தனன்' என்னும் சொல்லைத் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். வா என்பது பகுதி. அது வ எனக் குறுகியது விகாரம். இறந்தகாலம் காட்டும் தகரம் இடைநிலை. ஆண்பால் ஒருமை காட்டும் அன் விகுதி. இடையிற் சாரியை ஒன்று, சந்தி ஒன்று. ஒரு சொல்லுக்குள் செயல் எது, காலம் எது, செய்தவன் யார் என்பன எல்லாம் அடங்கியிருப்பதை மாணவன் கண்டுகொள்கிறான்.

இப்பொழுது 'எதனோல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எத் என்பது பகுதி. காபன் அணுக்கள் இரண்டு என்பது அதன் பொருள். அன் என்பது இடைநிலை. அவ்வணுக்களுக்கிடையே உள்ளது ஒற்றைப் பிணைப்பு என்பதை அது காட்டுகிறது. ஓல் என்பது விகுதி. ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சிற் கூட்டம் ஒன்று உண்டு என்பது கருத்து. பகுதி எண்ணைச் சொல்ல, இடைநிலை பிணைப்பைச் சொல்ல, விகுதி குணத்தைச் சொல்கிறது. பெயரைப் பிரித்தவன் பொருளை வரைந்துவிடலாம். பனங்கள்ளின் போதைக்குக் காரணமான பொருள் இதுவே. கள்ளு நாட்பட்டுப் புளிக்கும்போது, நுண்ணுயிர்கள் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு இதனை அமிலமாக மாற்றுகின்றன. பகுதியும் இடைநிலையும் மாறாமல் விகுதி மாத்திரம் மாற, எதனோல் எதனோயிக்கமிலம் ஆகின்றது. பானைக்குள் நிகழ்ந்த மாற்றம் அப்படியே சொல்லுக்குள்ளும் நிகழ்ந்துவிட்டது காண்க!

இடைநிலையின் ஆற்றலுக்கும் ஓர் உதாரணம் தருகிறேன். எதேன், எதீன், எதைன் என மூன்று வாயுக்கள். ஏகாரம் ஒற்றைப் பிணைப்பு. ஈகாரம் இரட்டைப் பிணைப்பு. ஐகாரம் மும்மைப் பிணைப்பு. எதேன் இயற்கை வாயுவில் மெதேனோடு கலந்து கிடைப்பது. எதீன் காய்களைக் கனியச் செய்வது. மாம்பழம் தானே ஆக்கிக்கொள்வது. எதைன், காபைட்டுக் கல்லில் நீர் பட்டால் எழும் வாயு. இரும்பை உருக்கி ஒட்டுவோர் ஒட்சிசனோடு சேர்த்து எரிப்பது. ஓர் உயிர்க்குறி மாறினாற் பொருளே மாறிவிடும் என்பதை, கல், கால், கீல், கோல் என்று படித்த தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எண்ணைக் குறிக்கும் பகுதிகளும் நமக்கு அந்நியமல்ல. ஐந்து முதல் அவை கிரேக்க, இலத்தீன எண்ணுப் பெயர்கள். பென்ற் என்பதைப் பஞ்ச என்பதோடும், ஹெப்ற் என்பதைச் சப்த என்பதோடும், ஒக்ற் என்பதை அட்ட என்பதோடும், டெக் என்பதைத் தச என்பதோடும் ஒப்பிட்டால் உறவு புலப்படும். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வடமொழி வழியாக அச்சொற்கள் நம் வழக்கிலும் கலந்துள்ளன. ஒன்று முதல் நான்கு வரை மாத்திரம் பழைய பெயர்களின் மிச்சங்கள் நிற்கின்றன: மெத், எத், புரொப், பியூற். வெண்ணெயின் பெயரில் வந்த பியூற் என்பதற்கு இன்று வெண்ணெயோடு தொடர்பில்லை. அதன் பொருள் நான்கு என்பதே.

பெருவீதியும் கிளைவீதியும்

காபன் அணுக்கள் எப்பொழுதும் ஒரே வரிசையில் நிற்பதில்லை, கிளைவிடுவதும் உண்டு. அப்பொழுது பெயரிடுவது எங்ஙனம்? இதற்கு நான் வகுப்பில் எடுத்துக்காட்டும் படம் எங்கள் தீவின் படமே.

மன்னார் நகரிலிருந்து பேசாலை வழியாகத் தலைமன்னார் வரை தீவின் நீளத்துக்கு ஓடுகிறது பெருவீதி. அதிலிருந்து எருக்கலம்பிட்டிக்கு ஒரு கிளைவீதி பிரிகிறது. இதனை அறியாத ஒருவருக்கு வழி சொல்வதானால் என்ன செய்வோம்? முதலில், மிக நீண்ட வீதி எது என்பதைச் சொல்வோம். பின்பு கிளை எவ்விடத்திற் பிரிகிறது என்பதைச் சொல்வோம். பெருவீதியின் மைல்கற்களுக்கு எந்த முனையிலிருந்து இலக்கமிடுவது? எருக்கலம்பிட்டிச் சந்தி மன்னார் நகருக்கே அண்மையில் உள்ளது. ஆகையால் தலைமன்னாரிலிருந்து எண்ணி வருவதிலும், மன்னாரிலிருந்து எண்ணுவதே சிறிய இலக்கத்தைத் தரும். சர்வதேச விதியும் இதுவே. மிக நீண்ட சங்கிலி தாய்ச்சங்கிலி. கிளைக்கு மிகச் சிறிய இலக்கம் கிடைக்கும் முனையிலிருந்தே எண்ணுதல் வேண்டும்.

நான்கு காபன் கொண்ட சங்கிலியில் இரண்டாவது காபனில் ஒரு காபன் கிளையாக நின்றால் அது 2-மெதைல்பியூற்றேன். மறுமுனையிலிருந்து எண்ணி 3-மெதைல்பியூற்றேன் என்று எழுதினால் அது வேறொரு பொருளாகாது. பிழையாக எழுதப்பட்ட அதே பொருள்தான். நம் வீடுகளிற் சமையலுக்கு வரும் வாயு உருளையுள் புரொப்பேனும் பியூற்றேனும் உள்ளன. நான்கு காபன்களும் நேர்வரிசையில் நின்றால் பியூற்றேன். மூன்று வரிசையில் நிற்க ஒன்று நடுவிற் கிளைத்தால் 2-மெதைல்புரொப்பேன். அணுக்களின் தொகை இரண்டிலும் ஒன்றே, அமைப்பு வேறு. பழைய பெயர்முறை இவ்வேற்றுமையைக் காட்டத் தடுமாறியது. புதிய முறை ஓர் இலக்கத்தாற் காட்டிவிடுகிறது.

மீன் கரைசேர்ந்து நேரமானாற் பேசாலைக் கரையில் எழும் நாற்றத்துக்கும் இவ்விலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. அது திரைமெதைலமீன், மூன்று மெதைற் கூட்டங்கள் ஒரு நைதரசனைச் சூழ நிற்பது. மீனைக் கழுவும்போது தேசிக்காயோ புளியோ சேர்க்கும் நம் தாய்மார், அமீனை அமிலத்தாற் கட்டி உப்பாக்கி நாற்றத்தை அடக்குகிறார்கள். பெயரை அறியாமலே விகுதியின் குணத்தை அறிந்தவர்கள் அவர்கள்.

முப்பது கிலோமீற்றருக்கு அப்பால்

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் செய்திக்கு வருகிறேன். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை இவ்விரு துறைகளையும் கப்பல் இணைத்தது. 1983 இன் பின்னரும் 1990 இன் பின்னரும் இக்கடலைப் படகேறிக் கடந்து, மண்டபம் முகாமிற் பதிந்து, தமிழ்நாட்டின் பல முகாம்களில் வாழ்ந்த எம்மவர் பல்லாயிரவர். அங்கே பிறந்து, அங்கே படித்து, 2009 இன் பின்னர்ப் பெற்றோருடன் ஊர் திரும்பிய பிள்ளைகளும் உண்டு.

அத்தகைய மாணவி ஒருத்தி என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அங்கு பத்தாம் வகுப்பில் நல்ல புள்ளிகள் பெற்றவள். இங்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. மூன்றாம் கிழமை என்னிடம் வந்து, "சேர், நான் கலைப்பிரிவுக்கு மாறப் போறேன்" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"அங்க படிச்ச பேர் ஒண்டும் இங்க இல்லை. எல்லாத்தையும் திரும்பப் பாடமாக்க வேணும். அதுக்குள்ள சோதனை வந்திடும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் கற்றது மீத்தேன், ஈத்தேன். இங்கே மெதேன், எதேன். அவள் கற்றது பியூட்டேன்; இங்கே பியூற்றேன். எத்தனால் எதனோலாயிற்று, எத்தனாயிக் அமிலம் எதனோயிக்கமிலமாயிற்று, கார்பன் காபனாயிற்று, ஆக்சிஜன் ஒட்சிசனாயிற்று, ஹைட்ரஜன் ஐதரசனாயிற்று. வினைச்செயல் தொகுதி என்று அவள் படித்தது தொழிற்பாட்டுக் கூட்டமாக வந்து நின்றது. பாடத்தின் பெயரே வேதியியல் போய் இரசாயனவியல் ஆகிவிட்டது. தாய்மொழியிற் படித்துத் தாய்நாட்டுக்குத் திரும்பிய பிள்ளை, தாய்மொழியிலேயே அந்நியமாகி நின்றாள்.

நான் கரும்பலகையில் 'பியூற்றேன்' என்று எழுதி, இச்சொல்லின் ஈறு என்ன என்று கேட்டேன். "ஏன்" என்றாள். அப்படியாயின் பிணைப்பு? "ஒற்றை." தலைப்பில் என்ன இருக்கிறது? சற்றுத் தயங்கினாள், வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், "பியூட்... நாலு!" என்றாள். பின்பு நான் ஒன்றும் சொல்லவில்லை. வெண்கட்டியை வாங்கி நான்கு காபன்களையும் பத்து ஐதரசன்களையும் தானே வரைந்தாள். அடுத்தடுத்து ஏழெட்டுப் பெயர்களை எழுதினேன். அனைத்தையும் பிரித்து வரைந்தாள். அவள் பிரிவு மாறவில்லை.

எழுத்தில் எது சரி?

இச்செய்தியைச் சொன்னால், உடனே நண்பர் சிலர், "இரண்டில் எது சரியான தமிழ்?" என்று வாதத்துக்கு வந்துவிடுகிறார்கள். இரு கரை வழக்கையும் நடுநின்று ஆராய்ந்தால், இரண்டுக்கும் காரணம் உண்டென்பது தெரியும்.

ஈழத்து மரபு, கிரந்த எழுத்துகளைப் பெரும்பாலும் விலக்கியது. அதனால் ஹைட்ரஜன் என்பது ஐதரசன் ஆயிற்று. ஆங்கிலத்தின் நுனிநா டகர ஒலிக்கு, நம் பேச்சில் உயிரோடிருக்கும் றகர இரட்டையைப் பயன்படுத்தியது. பியூற்றேன், கீற்றோன், பொற்றாசியம் என்பன அவ்வாறு வந்தன. எண்ணுப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொற்களையே வைத்து, சந்தி இலக்கணப்படி புணர்த்தியது. கார்பன் டை ஆக்சைடு என அங்கு மூன்று சொல்லாக நிற்பது, இங்கு காபனீரொட்சைட்டு என ஒரு சொல்லாயிற்று. பகுதியின் உருவம் மாறாமல் நிற்பதும் இம்மரபின் சிறப்பு: மெதேன், மெதனோல், எதேன், எதனோல்.

தமிழ்நாட்டு மரபுக்கும் வலுவான நியாயம் உண்டு. மெதேன் என்று எழுதினால், உயிர்களுக்கிடையே நிற்கும் ஒற்றைத் தகரம் மெலிந்து ஒலிக்கும். வல்லோசை வேண்டுமாயின் தகரத்தை இரட்டிக்க வேண்டும் என்பது தமிழ் ஒலிமுறை. மீத்தேன் என்பதில் அவ்வோசை காக்கப்படுகிறது. ஆங்கிலேயர் உச்சரிப்பின் நெடிலும் காக்கப்படுகிறது. ஆயின் ஈத்தேன், எத்தனால் என வரும்போது பகுதி குறுகிவிடுகிறதே எனில், காண் என்னும் பகுதி கண்டான் என்பதிற் குறுகவில்லையா? வா என்பது வந்தான் என்பதிற் குறுகவில்லையா? விகாரத்தை ஏற்றுப் பழகியவன் இதனையும் ஏற்பான்.

ஆகவே எழுத்திலே வழக்கு நிற்கட்டும். பெயரின் உறுப்புகள் இரு கரையிலும் ஒன்றே. சர்வதேச ஒன்றியமே வழக்குக்கு மதிப்பளித்திருக்கிறது. அதன் 2013 ஆம் ஆண்டுப் பரிந்துரைகள், போமிக்கமிலம், அசற்றிக்கமிலம் என்னும் பழம்பெயர்களையே முதன்மைப் பெயர்களாக நிறுத்தின. விதி வகுத்தோரும் வழக்கை முற்றாக வெல்லவில்லை. வெல்ல விரும்பவும் இல்லை. தஞ்சாவூரைத் தஞ்சை என்னும் மரூஉவை ஏற்ற நம் இலக்கண மரபுக்கு இது நன்கு விளங்கும்.

ஓர் எழுத்தின் விலை

பெயரைப் பிரித்தறிவது பரீட்சைக்கு மாத்திரம் பயன்படும் வித்தையன்று. மெதனோல், எதனோல் என்னும் இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு தலையில் நிற்கும் ஓர் ஒற்று மாத்திரமே. எதனோல் கள்ளில் இருப்பது. மெதனோலோ உடலுட் சென்றதும் ஈரலில் மெதனலாகவும், பின்பு மெதனோயிக்கமிலமாகவும் மாறி, கண்ணின் நரம்பைக் கெடுத்து, உயிரையும் குடிப்பது. எறும்பின் கொடுக்கில் ஒரு துளியாய் இருந்து சுடும் அதே அமிலம், குருதியிற் கலந்து கொல்கிறது. 2024 ஜூனிற் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டனர். நிறத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மணத்தை நம்பவும் முடியாது. வேறுபாடு ஒரு காபன் அணு.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மெதைல் என்னும் சொல்லுக்கு மூலமான மெதைலீன் என்னும் சொல்லை 1834 இல் ஆக்கிய பிரெஞ்சு அறிஞர்கள் டூமாவும் பெலிகோவும், மரத்தை வடித்துப் பெற்ற சாராயம் என்னும் கருத்தில், கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்தனர். அவற்றுள் முதற்சொல்லாகிய 'மெது' என்பது, நமக்கு வடமொழி வழிவந்த மது என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பு. ஆகவே சொல்லின் வரலாற்றை மாத்திரம் நம்பிப் பொருள்கொண்டால், நஞ்சாகிய மெதனோலையே மது என்று கொள்ள நேரும்! வந்த வழியைச் சொல்லும் பெயருக்கும், அமைந்த வகையைச் சொல்லும் பெயருக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியாது. முறைப்பெயரில் மெத் என்பதற்கு மதுவென்று பொருளில்லை. ஒன்று என்பதே பொருள்.

முன்னோர் இட்ட அத்திவாரம்

தமிழில் இரசாயனம் எழுத முற்பட்டோர் நேற்று வந்தவர் அல்லர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தவர். அவருடைய முயற்சியால் 1875 இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. தமிழிலும் வடமொழியிலும் தக்க சொல் கிடைத்தால் அதனைக் கொள்வது, கிடையாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இயையத் திருத்திக் கொள்வது என்பது அவர் கண்ட நெறி. நூலின் பெயரே அந்நெறிக்குச் சான்று. ஜெனீவாவில் அறிஞர் கூடியது அதற்கு 17 ஆண்டுகள் கழித்தே என்பதை நினைத்துப் பாருங்கள். சேதனச் சேர்வைகளுக்கு உலகம் ஒரு முறை காண்பதற்கு முன்னரே, இரசாயனம் தமிழில் அச்சேறிவிட்டது.

ஜெனீவாவில் விதி பிறந்த 1892 ஆம் ஆண்டிலேயே, அதற்கு முந்திய மார்ச் மாதத்தில், ஈழத்தின் கிழக்கே காரைதீவிற் பிறந்தார் விபுலாநந்த அடிகள். 'யாழ் நூல்' தந்த தமிழறிஞராகவே பலர் அவரை அறிவர். அவர் அறிவியற் பட்டம் பெற்றவர், யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்தவர் என்பதை அறிந்தோர் சிலர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அவர், 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாக 1938 இற் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதி வெளிவந்தது. ஒரு கரையிற் பிறந்தவர் மறுகரையிற் சொல்லாக்கத் தலைமை ஏற்றதை அக்காலத்தில் யாரும் புதுமையாகக் கொள்ளவில்லை. பிற்காலத்தில் இங்கு அரசகரும மொழித் திணைக்களமும், அங்கு பாடநூல் ஆக்கியோரும் தனித்தனியே தத்தம் நாட்டுத் தேவைக்கு உழைத்தனர். உழைப்பு பெரிது, பயனும் பெரிது. கரைகள் இரண்டும் கலந்து பேசும் வழக்கம் மாத்திரம் இடையில் அற்றுப்போயிற்று.

செய்யத்தக்கது

இரு நாட்டு அரசுகளும் கூடி ஒரே கலைச்சொல் அகராதி இயற்றும் நாளை எதிர்பார்த்துப் பிள்ளைகள் காத்திருக்க இயலாது. அதற்கு முன் நாம் செய்யக்கூடியவை உள.

ஆசிரியர்கள், பெயர்ப் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் பெயரைப் பிரிக்கும் முறையைக் கொடுக்க வேண்டும். பகுதிகள் பத்து, இடைநிலைகள் மூன்று, விகுதிகள் ஏழெட்டு: இவ்வளவே முதலிற் கற்க வேண்டியவை. இருபது உறுப்புகளைக் கற்றவன் இருநூறு பெயர்களை அமைப்பான். இருநூறு பெயர்களை மனனம் செய்தவன் இருநூற்றோராவது பெயரின் முன் திகைத்து நிற்பான். தமிழாசிரியரும் இரசாயன ஆசிரியரும் ஒரு நாழிகை ஒன்றாக ஒரு வகுப்பில் நின்று, ஒருவர் 'வந்தனன்' என்பதையும் மற்றவர் 'எதனோல்' என்பதையும் பிரித்துக் காட்டினால், மாணவர் உள்ளத்தில் அது என்றும் நிலைக்கும்.

பாடநூல் ஆக்குவோர், இரு கரைகளிலும், நூலின் இறுதியில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அப்பக்கத்தில் உறுப்புகளை இரு வழக்கிலும் அருகருகே அச்சிடுவது போதும். அதற்குச் செலவு ஒரு தாள். கடல் கடந்து வரும் பிள்ளைக்கு அத்தாள் படகாகும். இலக்கிய வட்டத்தார், 'எது சரி' என்னும் வாதத்தைச் சில காலம் ஒதுக்கி வைத்து, 'எது எதற்கு ஈடு' என்னும் ஒப்பீட்டில் இறங்கினால், தமிழுக்கு அதனால் வளமே அன்றிக் குறைவில்லை.

2011 இல் மன்னார்க் கடற்படுகையிலே, டொராடோ, பரக்குடா எனப் பெயரிட்ட இரு கிணறுகளில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. இயற்கை வாயுவின் பெரும்பங்கு மெதேன். ஒரு காபன், அதனைச் சுற்றி நான்கு ஐதரசன். சேதனச் சேர்வைகளுள் மிக எளியது, பெயர் வரிசையில் முதலாவது. அச்செய்தியை எங்கள் பத்திரிகைகள் மெதேன் என்றும், எதிர்க்கரைப் பத்திரிகைகள் மீத்தேன் என்றும் எழுதும். எப்படி எழுதினாலும், அந்தக் கடலடியில் நிற்கும் வாயுவைப் பற்றி நாளை பேசவும் தீர்மானிக்கவும் வேண்டியவர்கள் இவ்விரு கரைகளின் பிள்ளைகளே. அவர்களுள் ஒருவரேனும், ஓர் எழுத்துக்கு அஞ்சி அறிவியலை விட்டு விலகாதபடி பார்த்துக்கொள்வது நம் கடன்.